மெத்தைக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள்

ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுகிறவரைப் பார்த்து எல்லோரும் கவலைப்படுவார்கள். போட்டுக்கொண்டு ஓட்டுகிறவரைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்டாண்டும் போட்ட பிறகு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிற மனிதரை என்ன செய்வது?

கண்ணாடிக்கடைக்காரரின் மச்சான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தினமும் மாலை, வேலை முடிந்து வந்ததும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்து பார்க்கிங்கில், தூணுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே.

"ஏங்க, அண்ணி போன்ல அழறாங்க" என்றாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி. "அண்ணன் கீழயே உக்காந்திருக்காராம். வாட்ச்மேன் முதல்ல யாரோ திருடன்னு நெனச்சிட்டாராம். என்னன்னு நீங்க போய்க் கேளுங்க."

"உன் அண்ணன்தானே? நீ கேளேன்."

"நான் கேட்டா சிரிச்சே மழுப்பிடுவாரு. நீங்க ஞாயித்துக்கிழமை ஆனா ஒண்ணா வண்டி ஓட்டுறவங்க. கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

முத்து உதிராது. வார்த்தைதான் உதிர மறுத்தது. கடையில் நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பிழைக்கிறவர் அவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று முன்பின் தெரியாதவர்களின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பார். மச்சானிடம் மட்டும் வாய் எழவில்லை. அந்த ஞாயிறு நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு போனார்.

"மச்சான்..."

"சொல்லு மாப்ள."

"டயர் எப்ப மாத்தினீங்க?"

"போன மாசம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டிக்காரர்கள் முகத்தைப் பார்த்து மனசைப் பேசுகிற ஜாதி இல்லை. வண்டி எங்காவது நின்றுபோக வேண்டும். இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து எஞ்சினை முறைக்க வேண்டும். அப்போதுதான் பூட்டிய வாய் திறக்கும். கண்ணாடிக்கடைக்காரரின் கல்யாணமே அப்படி நிச்சயமானதுதான். நடுரோட்டில் செயின் கழன்று விழுந்த வண்டிக்கு முன்னால் குந்தியபடி, பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா மாப்ள" என்றார் மச்சான். இவரும் பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி மச்சான்" என்றார்.

இப்போது சங்கடம் என்னவென்றால், மச்சான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வண்டிகளையும் அவரே பராமரிக்கிறார். எண்ணெய் போட்டு, நட்டு முறுக்கி, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வண்டி நின்று தொலைக்கவே மாட்டேன் என்கிறது.

இந்தச் சமயத்தில்தான் பெட்ரோல் பங்க் சுவரில் அந்தச் சுவரொட்டி கண்ணில் பட்டது.

'நீங்கள் உண்மையான ரைடரா? உங்கள் நண்பரின் உள்ளத்தை ஒரு நிமிடம் கேளுங்கள்! மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் மனநலத்துக்கான ஒரு நிமிட விளம்பரப் படத்தில் நடிக்க இருவர் தேவை. உள்ளக்குரல் அறக்கட்டளை.'

கீழே கதையும் போட்டிருந்தது. ஒரு ரைடர் இன்னொரு ரைடரிடம், 'நண்பா, உன் உள்ளம் நலமா?' என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னால் கேட்க முடியாத ஒரே கேள்வியை எழுதிக் கொடுத்து, கேமரா வைத்து, 'கேள்' என்று உத்தரவும் போட ஓர் அலுவலகமே இருக்கிறது! மச்சானும் தப்பிக்க முடியாது. விளக்கைப் போட்டு முகத்துக்கு நேரே கேட்டால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

"விளம்பரமா? நம்ம மூஞ்சிக்கா?" என்றார் மச்சான்.

"ஹெல்மெட் போட்டுக்கலாம் மச்சான்."

"அப்ப வரேன்."

*

அறக்கட்டளை அலுவலகத்தில் முதல் நாள் அறிமுகக் கூட்டம். உள்ளே நுழைந்ததும் ஓர் அறை. கதவில் 'கேட்கும் அறை: இங்கே நீங்கள் மனம் விட்டுப் பேசலாம்' என்று பொன்னெழுத்துப் பலகை. கண்ணாடிக்கடைக்காரர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். உள்ளே தலைவரின் ஆளுயர அட்டைப் படங்கள் சுவரோடு சுவராக அடுக்கிக் கிடந்தன. மனம் விட்டுப் பேச அவற்றுக்கே இடம் போதவில்லை.

கூட்டத்தில் தலைவர் எழுந்தார். எழுந்தவர் உட்காரவில்லை.

"இந்தக் காலத்துல யாரும் யாரையும் காது குடுத்துக் கேக்கறதில்ல. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த அறக்கட்டளை. ஆரம்பிச்ச நாள்ல இருந்து இங்க நான் ஒருத்தனேதான் பேசிட்டு வரேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறுக்க பேசினதில்ல. அதுதான் கேட்கும் பண்பு! மத்த இடங்கள்ல இந்தப் பண்பைப் பாக்க முடியுமா?"

பார்க்க முடியாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மச்சான் கையைத் தூக்கினார். சபையில் ஒரு திடுக்கிடல் ஓடியது.

"சார், ஏதாவது போன் நம்பர் இருக்கா? யாராவது கூப்பிட்டுப் பேசணும்னா?"

கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று மச்சான் பக்கம் திரும்பினார். *இவர் எதுக்கு நம்பர் கேக்கறாரு?*

"அருமையான கேள்வி!" என்றார் தலைவர். "நம்பர் இருக்கு. எடுத்துப் பேச ஆள்தான் இன்னும் போடலை. எங்க திட்டம் என்னன்னா, முதல்ல விளம்பரம். விளம்பரம் பாத்தா நன்கொடை வரும். நன்கொடை வந்தா..."

"ஆள் போடுவீங்களா?"

"இன்னொரு விளம்பரம் எடுப்போம்."

கைதட்டல் எழுந்தது. தட்டாமல் நின்றவர் சுவரோரமாக இருந்த ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். அறக்கட்டளையில் தலைவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், வேலை முழுவதையும் இந்தப் பெண் செய்வார் என்பது ஏற்பாடு.

"அந்த நம்பர் இப்போதைக்கு என் போன்லதான் அடிக்குது" என்று மச்சானிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எடுக்கத்தான் பாக்கறேன் சார். எப்பவும் முடியறதில்ல."

*

படப்பிடிப்பு, ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஒரு கார் சந்தையின் பரந்த சிமென்ட் தரையில். கண்ணாடிக்கடைக்காரரின் வண்டிதான் கதாநாயகன். மச்சான் முதல் நாளே துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்.

"சீன் ரொம்ப சிம்பிள்" என்றார் விளம்பர இயக்குநர். தொப்பி போட்ட, எதற்கும் 'ரொம்ப சிம்பிள்' சொல்கிற மனிதர். "ரெண்டு பேரும் வண்டியில வரீங்க. நிறுத்தறீங்க. ஹெல்மெட்டைக் கழட்டறீங்க. இவரு கண்ணைப் பாத்து அவரு கேக்கறாரு."

"ஆட்சேபணை" என்று ஒரு குரல். வெயிலில் மின்னும் ஆரஞ்சு மேல்சட்டையில் பாதுகாப்பு அதிகாரி. "வண்டி பக்கத்துல இருக்கிறப்ப ஹெல்மெட்டைக் கழட்டுறது தவறான முன்னுதாரணம்."

"வண்டி நிக்குதே சார்?"

"நிக்கற வண்டி ஓடாதுன்னு என்ன உத்தரவாதம்? முகக் கண்ணாடியையும் இறக்கியே வெக்கணும். தூசி."

உணர்வியல் ஆலோசகர் பதறினார். இவர் பேராசிரியர். மனித உணர்ச்சிகளைப் பத்துக்கு மதிப்பெண் போட்டுத் தருவதில் வல்லவர். "கண்ணு தெரியலைன்னா உணர்ச்சி எப்படித் தெரியும்? என் ஆய்வுப்படி மனநலத்துல பெரும்பகுதி புருவத்துலதான் இருக்கு!"

மூவரும் வட்டமாக நின்று ஆலோசித்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் இரு தரப்புக்கும் பொதுவான தீர்வு கிடைத்தது. ஹெல்மெட் கண்ணாடி மூடியே இருக்கும். அதன் மேல் இரண்டு கண்களின் படத்தை ஒட்டிவிடலாம். யாருடைய கண்களை? அனுமதி வாங்கிய கண்கள் தலைவருடையவை மட்டுமே கைவசம் இருந்தன. அட்டைப் படங்களிலிருந்து வெட்டி எடுத்துவந்தார்கள்.

ஒட்டிப் பார்த்தால் மச்சானின் ஹெல்மெட்டிலிருந்து தலைவர் முறைத்தார்.

"பத்துக்கு எட்டு" என்றார் பேராசிரியர்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மச்சானின் குரல்.

"கண்ணு தெரியாதவங்க வண்டி ஓட்டக் கூடாது" என்றார் பாதுகாப்பு அதிகாரி, சட்டென்று. ஆகவே வண்டி ஓடக் கூடாது என்று முடிவாயிற்று. ஸ்டாண்டு போட்டு நிற்கும். எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகி, பின்னால் கொஞ்சம் புகை வந்தால் போதும். "விபத்தே நடக்காத ஒரே வண்டி ஓடாத வண்டிதான். இதை நான் எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன்! யார் கேக்கறாங்க?"

அந்த நேரத்தில் லாரி ஒன்று வந்து நின்றது. படத்துக்குப் பணம் கொடுக்கிற மெத்தை கம்பெனி, தன் மெத்தைகளும் படத்தில் எங்காவது தெரிந்தால் மகிழ்ச்சி என்று சொல்லி அனுப்பியிருந்தது.

"மோட்டார் சைக்கிள் படத்துல மெத்தை எப்படி சார் வரும்?" இயக்குநர் தலையில் கை வைத்தார்.

"ஏன் வராது?" பாதுகாப்பு அதிகாரியின் முகம் அன்றைக்கு முதன்முறையாக மலர்ந்தது. "வண்டியைச் சுத்தி நிறுத்துங்க. விழுந்தாலும் அடிபடாது."

நின்ற இடத்திலேயே நிற்கப்போகிற வண்டியைச் சுற்றி, ஆளுயரத்துக்கு, வெள்ளை மெத்தைகள் சுவராக எழுந்தன. கேமரா எட்டிப் பார்க்க ஒரு பக்கம் மட்டும் திறப்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காவதைக் கேள்விப்பட்டிருக்கிறார் கண்ணாடிக்கடைக்காரர். மோட்டார் சைக்கிள் பிடிக்கப் போய்ப் படுக்கையறை ஆவதை இப்போதுதான் பார்க்கிறார்.

போகட்டும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அது இன்னும் மிச்சம் இருந்தது.

"ஆக்‌ஷன்!"

கண்ணாடிக்கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். தலைவரின் கண்கள் தெரிந்தன.

"நண்பா... உன் உள்ளம் நலமா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, ரொம்ப மெதுவாக, "இல்ல."

கண்ணாடிக்கடைக்காரர் ஓரடி முன்னால் நகர்ந்தார். வந்துவிட்டது! சாதாரணமாக, அலுப்பாக, உண்மையாக ஒரு 'இல்ல'. *ஏன் மச்சான்?* என்று கேட்கவும் வாயெடுத்துவிட்டார்.

"கட்!" என்று ஓடிவந்தார் பேராசிரியர். "பத்துக்கு மூணு. சோகமே இல்ல. ஏதோ கடையில சில்லறை இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நிஜமாவே இல்ல சார்" என்றார் மச்சான்.

"அது உங்க சொந்த விஷயம். அதை இங்க கொண்டு வராதீங்க. இது மனநல விளம்பரம்."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே 'இல்ல'. இன்னும் நம்பிக்கை தரும் 'இல்ல' வேண்டும் என்றார் இயக்குநர். காரணம் என்ன என்று சேர்த்துச் சொல்லச் சொன்னார் பேராசிரியர்.

"காரணம் தெரியல சார்" என்றார் மச்சான்.

"காரணம் தெரியாம எப்படி? வேலை போச்சா? கடனா? குடும்பத்துல சண்டையா? பார்க்கிறவங்களுக்கு ஏதாவது ஒண்ணு குடுக்கணுமில்ல?"

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பாத்தீங்களா, இவரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு!" பேராசிரியர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "உண்மையான ரைடர்ஸ்கிட்ட உண்மை வராது. இதை நான் முதல்லயே சொன்னேன்."

ஐந்தாறு போன்களுக்குப் பிறகு ஒரு தொழில்முறை நடிகர் வந்து இறங்கினார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் 'இல்லை' என்று அவர் சொன்ன அழகில், மெத்தை இறக்கிய லாரிக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்துக்குப் பத்து. 'உண்மையான ரைடர்' என்று கீழே எழுத்து வரும் என்று இயக்குநர் உறுதியளித்தார்.

மச்சானுக்கு நன்றி சொல்லி ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். தூரத்தில், காம்பவுண்டுச் சுவரோரம், ஒரு சிமென்ட் மேடையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வண்டியில்லை, ஓட்ட ரோடும் இல்லை. தன் சொந்த ஹெல்மெட்டை எடுத்து, நிதானமாக மாட்டி, கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

இனி ஞாயிற்றுக்கிழமைகூட இவர் வர மாட்டார் என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தோன்றியது. 'இல்ல' என்று வாய்விட்டுச் சொன்ன மனுஷனுக்கு மூணு மார்க் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவரை இங்கே கூட்டிவந்தது யார்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார்?

இயக்குநரும் பேராசிரியரும் நடிகருக்குக் கண் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மெத்தைகளுக்கு நடுவே நழுவினார். குனிந்தார். வாழ்க்கையில் லென்ஸைத் துடைப்பதைத் தவிர வேறெதற்கும் பழகாத விரல்களால், எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் மாட்டியிருந்த வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

கழன்று வந்துவிட்டது.

*

"ஸ்டார்ட்!" என்றார் இயக்குநர்.

நடிகர் உதைத்தார். வண்டி மூச்சுவிடவில்லை. இன்னொருவர் உதைத்தார். இயக்குநரே வந்து உதைத்தார். எஞ்சின் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

"யூனிட்ல மெக்கானிக் யாராவது இருக்காங்களா? லைட் போகுது!"

"என் மச்சான் இருக்காரே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

மச்சானை அழைத்துவந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி உடனே விதியைச் சொன்னார்: பழுது பார்க்கும்போது வெளியாட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. திறந்திருந்த பக்கத்தையும் மெத்தை வைத்து அடைக்க வேண்டும்.

அடைத்தார்கள். வெளி உலகம் சட்டென்று அமுங்கிப்போயிற்று. நாலு பக்கமும் பஞ்சுச் சுவர். மேலே ஒரு துண்டு வானம். நடுவில் ஒரு வண்டி, இரண்டு ஆட்கள்.

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். வேட்டைநாய் மாதிரி எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார். பிளக் வயர் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பார்வை மெதுவாக நகர்ந்து மாப்பிள்ளையின் விரல்களுக்கு வந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கரி.

மச்சான் குந்தி உட்கார்ந்தார்.

"சிக்கலான ஃபால்ட்டு மாப்ள."

"அப்படியா மச்சான்?"

"டைம் எடுக்கும். அந்த ஸ்பேனரைக் குடு." வயர் தொங்கிய பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கடைக்காரரும் பக்கத்தில் குந்தினார். இருவரும் எஞ்சினைப் பார்த்தார்கள். ஒரு நட்டு கழன்றது. இன்னொரு நட்டு.

"காலைல எந்திரிக்கவே பிடிக்கல மாப்ள."

"ம்."

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா ஒரு காரணம் இருக்கும். ஃபியூஸ் போயிருக்கும், கதவு சரியா மூடியிருக்காது. தேடினா கிடைச்சிடும். இதுல நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மேல போக மாட்டேங்குது."

"எத்தனை நாளா மச்சான்?"

"கணக்கு வெச்சுக்கல. அந்தத் துணியைக் குடு."

கொடுத்தார். மச்சான் துடைக்கத் தேவையில்லாத ஒன்றைத் துடைத்தார்.

"பார்க்கிங்ல உக்காந்திருக்கிறது..." என்று இழுத்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

"வாட்ச்மேன் சொல்லிட்டானா? வீட்டுக்குள்ள போனா சிரிச்ச மூஞ்சியா இருக்கணும். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சிரிக்காம இருந்துக்கறேன். ஹெல்மெட்டுக்குள்ள யாருக்கும் தெரியாது பாரு. அவ்வளவுதான்."

"எனக்குக் கேக்கத் தெரியல மச்சான்."

"அதான் தெரியுதே. டயரைப் பத்திக் கேட்ட."

இருவரும் சிரித்தார்கள். மச்சானின் சிரிப்பு பாதியில் உடைந்து வேறு ஏதோவாக மாறியது. மாப்பிள்ளை தலையைத் திருப்பவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டு, தோளைத் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை.

"கூட்டத்துக்கு மறுநாள் அந்த நம்பருக்கு அடிச்சேன்" என்றார் மச்சான், மூக்கை உறிஞ்சியபடி. "சீட்டு குடுத்த அந்தப் பொண்ணுதான் எடுத்தா. 'சொல்லுங்க சார், கேக்கறேன்'னா. பின்னாடி யாரோ தலைவரோட அட்டைப் படம் எப்ப வரும்னு கத்தறாங்க. இன்னொருத்தன் சுவரொட்டி அச்சடிச்சாச்சான்னு கத்தறான். அதுக்கு நடுவுல அந்தப் பொண்ணு, 'வெச்சிடாதீங்க சார், ஒரே நிமிஷம்'னு கெஞ்சறா. பாவம், என்னைவிட அவ குரல் மோசமா இருந்துச்சு. நான்தான் 'உடம்பைப் பாத்துக்கம்மா'ன்னு சொல்லிட்டு வெச்சேன்."

மெத்தைக்கு அந்தப் பக்கம் வாக்கிடாக்கி கரகரத்தது. "என்ன ஆச்சு? எவ்வளவு நேரம்? லைட் போகுது! தலைவர் வந்துட்டாரு!"

தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருங்கிணைப்பாளரின் குரல் பதில் சொன்னது. ரொம்பப் பக்கத்தில், மெத்தையை ஒட்டினாற்போல.

"இன்னும் சரியாகல சார். பெரிய பழுது போல. உள்ள யாரையும் விட வேண்டாம். நான் இங்கேயே நின்னு பாத்துக்கறேன்."

மச்சானும் மாப்பிள்ளையும் அசையாமல் இருந்தார்கள்.

"எங்கிட்ட கண்ணாடி போட வர்ற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் கடைசியில். "மனசுக்குப் பாக்கறவங்க. கண்ணாடியைத் தொலைச்சுட்டுத் தொலைச்சுட்டு வருவாங்க. ஆனா நாம சொல்றதைத் தொலைக்க மாட்டாங்க. போவோமா?"

மச்சான் மூடியைத் திரும்ப மாட்டினார். நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார்.

"நான் ஓட்டினா பாதி வழியில வேற பக்கம் திருப்பிடுவேன் மாப்ள."

"அப்ப?"

"நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் திகைத்துப்போனார். பின்சீட்டு சாமான் கட்டுவதற்கு என்பது மச்சானின் வேதம். எந்த வண்டியிலும், எவர் பின்னாலும் அவர் உட்கார்ந்ததில்லை.

மச்சான் எழுந்தார். தொங்கிய வயரை எடுத்து, பிளக்கின் தலையில் அழுத்தினார். 'டக்'.

"இன்னொரு தடவை இந்த வயரைக் கழட்டாத. பாத்த உடனே தெரிஞ்சிடுது. கார்புரேட்டர்ல கை வை. பேசறதுக்கு டைம் கிடைக்கும்."

ஒரே உதையில் வண்டி கர்ஜித்தது. ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்து லைட் போய்விட்டிருந்தது.

*

படம் வெளியாயிற்று. லைட் போனதால் வண்டியும் படத்திலிருந்து போய்விட்டது. வெள்ளை மெத்தை ஒன்றின் மேல் ஒரு ஹெல்மெட் கிடக்கிறது. அதில் தலைவரின் கண்கள். பின்னணியில் நடிகரின் குரல், "இல்லை." 'உண்மையான ரைடர்' என்ற எழுத்து. பிறகு மெத்தை கம்பெனியின் சின்னம், அறக்கட்டளையின் சின்னம், கடைசியில் பெரிய எழுத்தில் அந்தப் போன் நம்பர்.

விருது கிடைத்துவிட்டது. யார் கொடுத்தார்கள் என்றால், அறக்கட்டளைதான். விளம்பரங்களைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கத்தை வளர்ப்பதற்காக அதுவே வருடாவருடம் வழங்குகிற விருது அது.

விழாவுக்கு மச்சானையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மாவிடம் போய் வந்துகொண்டிருந்தார் மச்சான். எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. சில மாலைகளில் இன்னும் பார்க்கிங்கில் உட்காருகிறார். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்காருகிறார். வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு தன் கஷ்டத்தையெல்லாம் சொல்லி உயிரை வாங்குவதாக மச்சானின் புகார்.

மேடையில் தலைவர் பேசினார். "இந்தப் படம் வந்ததுல இருந்து ஒரு ரைடர்கூட என்கிட்ட வந்து மனசு சரியில்லைன்னு சொல்லலை. எல்லாரும் குணமாயிட்டாங்கன்னு இதுல இருந்து தெரியுது!"

மேடை ஓரத்தில் ஒருங்கிணைப்பாளரின் போன் அடித்தது. எடுத்தார், முணுமுணுத்தார், வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். வைத்த மறுநொடி மீண்டும் அடித்தது. அவர் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேடையேறி, தலைவரின் இடது கையில் அதை வைத்துவிட்டு, "கொஞ்சம் பிடிங்க சார். உங்களுக்குத்தான்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

வலது கையில் விருதும், இடது கையில் அலறுகிற போனுமாகத் தலைவர் திருதிருவென்று விழித்தார். எப்படியோ பொத்தானை அழுத்தி, "ஹலோ" என்றார். மறுமுனையில் யாரோ ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். தலைவர் உடனே அவரை இடைமறித்து, கேட்பதன் அவசியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"வா மாப்ள, போலாம்" என்று எழுந்தார் மச்சான்.

கீழே பார்க்கிங்கில், வரிசையின் கடைசியில், ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட். கண்ணாடி இறங்கியிருந்தது.

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" என்றார் மச்சான்.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார்."

மச்சான் ஸ்கூட்டரைப் பார்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தார். சாவித் துவாரம் காலியாக இருந்தது. சாவிக்கொத்து அந்தப் பெண்ணின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் பேன்ட்டைச் சற்றே மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்கூட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். எஞ்சின் இருக்கிற இடத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சிக்கலான ஃபால்ட்டும்மா. டைம் எடுக்கும். உக்காருங்க."

அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன. மெல்ல, அந்தச் சிமென்ட் தரையில் குந்தினார். கண்ணாடிக்கடைக்காரரும் அவருக்கு இந்தப் பக்கம் குந்தினார். மூன்று பேரும் ஸ்கூட்டரையே பார்த்தார்கள். இப்போது யாராவது கேட்க வேண்டும். மச்சான் முழங்கையால் மாப்பிள்ளையை இடித்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"டயர் எப்பம்மா மாத்தினீங்க?"

அந்தப் பெண் பதில் சொல்ல ஆரம்பித்தார். அது டயரைப் பற்றியதாக இல்லை. இருவரும் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.